துண்டு முத்தையா கை தூக்கிய நாள்

மலேசியாவில் ஜொகூருக்கு மாவு உருண்டை பிடிக்கிற மெஷின் வாங்கப் போகிறேன் என்றுதான் வீட்டில் சொன்னேன். முழுப் பொய் இல்லை. அங்கே தெப்ராவ் என்ற இடத்தில் ஒரு பட்டறையில் அந்த மெஷினைச் செய்கிறார்கள். மேலே மாவைப் போட்டால் கீழே ஒரே அளவில் உருண்டை உருண்டையாக வந்து விழும். இதே மெஷின் கோயம்புத்தூரில் கிடைக்கிறதே அத்தா என்று என் மகன் கேட்டான். கோயம்புத்தூர் மெஷினைப் பார்த்துவிட்டேன், அது சரியில்லை என்றேன். நான் பார்க்கவே இல்லை.

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். தொண்டியில் பிறந்தவன். பெயர் காதர். படிப்பு நாலாம் வகுப்பு. பத்தொன்பது வயதில் ஜொகூரில் உள்ள பாசிர் கூடாங்கில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குத் தேத்தண்ணி போடப் போனேன். திரும்பி வந்து திருச்சியில் ஒரு தள்ளுவண்டியோடு ஆரம்பித்தேன். இன்றைக்கு மூன்று கடை. என் கடைப் பரோட்டாவைப் பிய்த்தால் இதழ் இதழாக வரும், எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். யாரும் எனக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. யார் முன்னாலும் தலை குனிந்து நின்றதில்லை.

ஒரே ஒரு விஷயம் தவிர. நாற்பது வருஷத்துக்கு முன்னால் ஃபுட்பால் வெறியில் ஒரு பஸ்ஸின் மீது கல் எறிந்தேன். அந்தக் கல்லால் கெட்டது என் கூட்டாளி முத்தையாவின் பெயர். அவன் குற்றவாளி இல்லை என்று சொல்லக்கூடிய ஆள் உலகத்தில் நான் ஒருவன்தான். சொல்லாமலே இருந்துவிட்டேன். முத்தையா இரண்டு வருஷம் முன்பு இறந்துபோனான். அன்றைக்குக் கண்ணை இழந்த லெட்சுமி என்ற பெண் பெக்கோக் என்ற ஊரில் சோறு விற்றுக்கொண்டு உயிரோடு இருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். அவளிடமாவது சொல்ல வேண்டும். போனது அதற்குத்தான்.

முதல் நாள் ஹனிபா விமான நிலையத்துக்கு வந்து காரில் அழைத்துப் போனான். நான் வேலை பார்த்த கடை அவன் அத்தாவுடையது. அப்போது அவன் கல்லாவில் தூங்கி வழிகிற பையன். இப்போது முதலாளி, வயிறு அவனுக்கு ஒரு முழம் முன்னால் நடக்கிறது. சாலையில் ஷிப்டு விட்ட நேரம். மோட்டார் சைக்கிள்கள் ஈக்கூட்டம் மாதிரி வந்தன. அவற்றுக்கு நடுவில் கம்பெனி பஸ்கள், சன்னலில் தலை சாய்த்துத் தூங்கும் முகங்கள். முன்பு அந்தப் பஸ்களில் தமிழ்ப் பெண்களும் மலாய்ப் பெண்களும் இருப்பார்கள். இப்போது நேப்பாளம், வங்காள தேசம் என்று எங்கெங்கிருந்தோ வந்த பையன்கள். பஸ்களின் பக்கம் திரும்பாமல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஹனிபா கடையில் அந்த ஊர்ப் பரோட்டாவான ரொட்டி சானாய் சாப்பிட்டேன். குறை சொல்ல முடியாது, ஆனால் என் கடைப் பரோட்டாவுக்குப் பக்கத்தில் வைக்க முடியாது. இங்கே மாவில் கை அதிகம் படுவதில்லை. வீசுகிறார்கள், மடிக்கிறார்கள், முடிந்தது. இதை அவனிடமே சொன்னேன். "நாப்பது வருஷம் கழிச்சு வந்து என் கல்லுல குத்தம் கண்டுபிடிக்கிறான் பாரு" என்று மாஸ்டரிடம் சொல்லிச் சிரித்தான்.

சாயங்காலம் பழைய ஆட்கள் ஏழெட்டுப் பேர் கடை வாசல் மேசைக்கு வந்துவிட்டார்கள். இவர்கள் வைத்திருக்கும் வாட்ஸ்அப் குழுவின் பெயர் "படி கூட்டாளிங்க". படி என்றால் ஸ்டேடியத்துப் படி. அந்தக் காலத்தில் ஒரு பக்கத்துக்குத்தான் கூரையும் நாற்காலியும். மற்ற மூன்று பக்கமும் வெறும் சிமெண்டுப் படிகள், நின்றுகொண்டுதான் பார்க்க வேண்டும். கோல் விழுந்தால் மேல் படியில் நின்றவன் கீழ்ப் படிக்கு வந்துவிடுவான். அவனாக வருவதில்லை, கூட்டம் கொண்டுவந்து விடும். ஆட்டம் முடிந்து பார்த்தால் படியெல்லாம் அறுந்த சிலிப்பர்கள். ஒற்றைச் சிலிப்பரோடு நான் கடைக்குத் திரும்பிய நாட்கள் நிறைய.

சந்தோஷம் என்றால் அதுதான் சந்தோஷம். நான் ஊர் பேர் தெரியாத கூலிக்காரன். அங்கே என் தோளில் கைபோட்டு நின்றவன் யாரென்று எனக்குத் தெரியாது, நான் யாரென்று அவனுக்கும் தெரியாது. மலாய்க்காரன், சீனன், தமிழன் எல்லாம் ஒரே குரலில் கத்துவோம். அந்த மாதிரி ஒரு கூட்டத்தில் நான் பிறகு நின்றதில்லை.

அசிங்கமும் அங்கேதான். இந்த ஊரில் தேத்தண்ணியை பிளாஸ்டிக் பையில் ஊற்றி ஓரத்தைக் கட்டி ஒரு ஸ்ட்ரா போட்டுத் தருவார்கள். குடித்து முடித்த பையில் மூத்திரம் பிடித்து, ரப்பர் வளையம் போட்டு, எதிர்க் கூட்டத்தின் மீது வீசுவோம். நானும் வீசியிருக்கிறேன். இன்றைக்கு என் கடை வாசலில் ஒருவன் எச்சில் துப்பினால் நான் சும்மா விடுவதில்லை.

மேசையில் கதை சொல்வது எப்போதும் சாமுவேல். யாழ்ப்பாணத்து வம்சம், அப்பா ரயில்வேயில் கிளார்க், இவரும் அரசாங்கத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். படியில் நின்ற எங்களில் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு வந்த ஒரே ஆள். புதிதாக யாரோ ஒருவருடைய மருமகன் வந்திருந்ததால் அவருக்காகப் பஸ் கதையை எடுத்தார்.

"எங்க துண்டு முத்தையா இருக்கானே, அவன் ஒரு ஜெனரல். துண்டத் தூக்கினா நாங்க பாயணும். ஒரு நாள் துண்டத் தூக்கினான். பாய்ஞ்சோம். பாத்தா எதிரி பஸ் இல்ல. நம்ம கம்பெனி பஸ்."

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்த வாய்களில் பாதிக்கு மேல் பல் இல்லை. ஒருவர் என்னைக் காட்டி, முதல் கல் இந்தக் காதர் கல்தான், நாற்பது அடி தூரம், ஒரே எறி, சன்னல் காலி என்றார். மருமகன் என்னை மரியாதையாகப் பார்த்தார். நான் மறுக்கவில்லை. இதே எறியை திருச்சியில் என் கடைக்கு வருகிறவர்களிடம் நானே எத்தனையோ தடவை பெருமையாகச் சொல்லியிருக்கிறேன், பஸ்ஸில் யார் இருந்தார்கள் என்பதை மட்டும் விட்டுவிட்டு.

பிறகு ஹனிபா போனில் ஒரு படம் காட்டினான். முத்தையாவின் சாவு வீடு. சவப்பெட்டியின் மேல் பூமாலை. மாலைக்கு மேல் விரித்துப் போட்ட ஒரு வெள்ளைத் துண்டு. காப்பிக் கடைக்காரர்கள் தோளில் போடும், குட்மார்னிங் என்று அச்சடித்த துண்டு. "நாங்கதான் போட்டோம். எங்க ஜெனரலாச்சே" என்றான். கண் கலங்கித்தான் சொன்னான். அன்போடுதான் போட்டிருக்கிறார்கள். நான் தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளி வைத்தேன்.

மறுநாள் காலை ஹனிபா என்னைப் பழைய ஸ்டேடியத்துக்குக் கூட்டிப்போனான். இப்போது பெரிய ஆட்டமெல்லாம் புது ஸ்டேடியத்தில். பழையதில் வயசானவர்கள் சுற்றிச் சுற்றி நடக்கிறார்கள். நாங்கள் நின்ற படிகளின் மேல் பிளாஸ்டிக் நாற்காலிகளைத் திருகி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். இருபத்தாறாம் நம்பரில் உட்கார்ந்து பார்த்தேன். முட்டி இடித்தது.

"என் மவன் டிக்கெட்ட போன்ல காட்டிட்டு உள்ள போறான் மச்சான். பொண்டாட்டி, ரெண்டு பொம்பளப் பிள்ளைங்களோட போறான். நாம நின்னப்ப ஒரு பொம்பள வந்து பாத்திருக்கியா?"

இல்லை என்றேன். எப்படி வருவார்கள்? நாங்கள் இருந்தோமே.

ஹனிபாவுக்குச் சர்க்கரை. பையிலிருந்து எடுத்து மாத்திரை விழுங்கினான். படிகளை எடுத்தது நல்லதுதான், ஆனால் புது ஸ்டேடியத்துக்குப் போனால் தனக்குத் தூக்கம் வருகிறது என்றான். எனக்கு அவன் சொன்ன இரண்டும் சரியென்று பட்டது.

மத்தியானம் தெப்ராவுக்குப் போனோம். மெஷின் நல்ல மெஷின். பட்டறைக்காரருக்கு மாவைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. உருண்டைக்கு எண்ணெய் எப்போது தடவ வேண்டும் என்று நான்தான் அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். அவர் ஒரு தாளில் குறித்துக்கொண்டார். திரும்பும்போது ஹனிபா ஒரு வளைவில் காரை மெதுவாக்கி, தெரியுதா என்று கேட்டான். தெரிந்தது. நாங்கள் நின்று கல் எறிந்த மேடு போய்விட்டது, இப்போது கார் ஷோரூம். ஆனால் வளைவு அதே வளைவு.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். அன்றைக்குப் பக்கத்து மாநிலத்து அணியோடு ஆட்டம், ஐந்து மணிக்கு. முந்தின வருஷம் அவர்கள் ஊருக்குப் போன எங்கள் பஸ்ஸின் கண்ணாடிகளை உடைத்திருந்தார்கள். பதிலுக்குச் செய்தே ஆக வேண்டும் என்று ஒரு வாரமாகப் பேச்சு. அவர்களும் வாடகைக்குக் கம்பெனி பஸ்களைத்தான் பிடிப்பார்கள். எல்லாம் ஒரே வெள்ளை, ஒரே நீலக் கோடு. மூன்று மணிக்கு இந்த வளைவில் வருவார்கள் என்று யாரோ துப்புக் கொண்டுவந்தான். சாலை போடக் கொட்டியிருந்த ஜல்லி மேட்டில் நாங்கள் இருபது முப்பது பேர் நின்றோம்.

மூன்று மணிக்குத் தெப்ராவ் ஃபாக்டரிகளில் ஷிப்டு விடும். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். பாதிப் பேர் தினமும் அதே மாதிரிப் பஸ்ஸில் வேலைக்குப் போகிறவர்கள். ஒருவன்கூட யோசிக்கவில்லை. கோபம் வந்தால் கடிகாரம் மறந்துபோகும் என்பதை அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

முத்தையா பெக்கோக் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்து, துறைமுகத்தில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவன். எங்களில் உயரமானவன். அதனால் படியில் அவன்தான் முன்வரிசை. அவன் துண்டைத் தலைக்கு மேல் தூக்கினால் எல்லோரும் ஆரம்பிக்க வேண்டும், பாட்டானாலும் சரி, வீச்சானாலும் சரி. அதுதான் எங்கள் பழக்கம். லெட்சுமியும் அவனும் கல்யாணம் பேசி வைத்தவர்கள். அவள் தெப்ராவில் எலக்ட்ரானிக் ஃபாக்டரியில் வேலை பார்த்தாள். நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் குனிந்து நூல்மாதிரிக் கம்பிகளைச் சரிபார்க்கிற வேலை. அவள் வரும் பஸ்ஸின் நம்பர் அவனுக்கு மனப்பாடம்.

பஸ் வளைவில் திரும்பியதும் அவன்தான் முதலில் கண்டுகொண்டான். எங்களை நிறுத்தக் கையை உயர்த்தினான். கையில் துண்டு இருந்தது. பின்னால் நின்றவர்கள் துண்டைப் பார்த்தார்கள். நான் அவன் தோளோடு தோள் நின்றேன். எனக்கு அவன் குரலும் கேட்டது. எறியாதே என்றான். கேட்ட பிறகும் நான் எறிந்தேன். தொண்டிக் கடலில் வலை வீசிப் பழகிய கை, குறி தப்பவில்லை. என் கல்லுக்குப் பின்னால் மற்றவர்கள் கல். பஸ்ஸுக்குள் பெண்கள் அலறியதும் ஓடினோம். முத்தையா மட்டும் பஸ்ஸை நோக்கி ஓடினான்.

பஸ்ஸில் இருந்தவர்கள் துண்டைத் தூக்கிய ஆளை அடையாளம் காட்டினார்கள். போலீஸ் இரண்டு நாள் வைத்திருந்தது. துறைமுக வேலை போயிற்று. என் பெயரை அவன் போலீசிடம் சொல்லவில்லை. லெட்சுமிக்கு இடது கண் போய்விட்டது என்று மூன்றாம் நாள் கடையில் பேசிக்கொண்டார்கள். ஊரில் என் அத்தாவுக்கு உடம்பு சரியில்லை என்று முதலாளியிடம் அழுது, அடுத்த வாரமே கப்பல் ஏறினேன். வேலை பெர்மிட் முடிந்ததால் திரும்பினேன் என்று இத்தனை வருஷம் எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். பெர்மிட்டில் இன்னும் மாதக்கணக்கில் நாள் இருந்தது.

இந்தத் தடவை வந்த மூன்றாம் நாள் பெக்கோக்குக்குத் தனியாகக் கிளம்பினேன். ஹனிபாவிடம் பழைய எஸ்டேட் ஆள் ஒருவரைப் பார்க்க வேண்டும் என்றேன். பஸ்ஸில் ஏசி எலும்பைக் குத்தியது. நம் ஊரில் பஸ்ஸில் வேர்த்துச் சாகிறோம், இங்கே விறைத்துச் சாகிறார்கள். பாதி வழியில் இறங்கி ஒரு டாக்சி பிடித்தேன். சீனக் கிழவர் ஓட்டினார். நான் கையால் வழி காட்டப் போக, "எங்க போகணும் தம்பி, சொல்லு" என்று தமிழில் கேட்டார். எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவராம். என்னை நாற்பது வருஷத்துக்குப் பிறகு தம்பி என்று கூப்பிட்ட முதல் ஆள் அவர்தான்.

இரண்டு பக்கமும் எண்ணெய் எடுக்கிற செம்பனை மரங்கள் மட்டும் இருந்த இடத்தில் டயர் வெடித்தது. பின்பெட்டியைத் திறந்தார். ஸ்பேர் டயர் இருக்க வேண்டிய குழியில் டுரியான் பழங்கள். "டயர் எப்பவாச்சும்தான் வேணும் லா, பழம் தெனமும் விக்கலாம்" என்றார். வியாபாரி என்ற முறையில் அது எனக்கு நியாயமாகவே பட்டது. வழியில் வந்த ஒரு மலாய்க்காரர் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். பெக்கோக்கில் யாரைப் பார்க்க என்று கேட்டார். நாசி லெமாக் விற்கும் லெட்சுமி என்றேன். அவள் அரைக்கிற மிளகாய்ச் சம்பலுக்காகவே தினமும் காலையில் தான் வரிசையில் நிற்பதாக மலாயில் சொல்லி, என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டார். அறுபத்து நாலு வயதில், திருச்சியிலிருந்து கொண்டுவந்த அல்வா டப்பாவை மடியில் அணைத்துக்கொண்டு, செம்பனைத் தோட்டத்து நடுவில் போனேன். அவளுக்குத் தேங்காய்ச் சோறும் சம்பலும் விற்கிற தொழில், எனக்குப் பரோட்டா. தொழில்காரரும் தொழில்காரரும் பேசிக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டே போனேன்.

வரிசை வீடுகளில் ஒன்று. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மறுநாள் சம்பலுக்கு நெத்திலிக் கருவாட்டின் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். இடது கண் மூடியே இருந்தது. நான் யாரென்று கேட்டாள். திருச்சியில் மூன்று கடை வைத்திருக்கிறேன் என்று ஆரம்பித்தேன், பழக்க தோஷம். பிறகுதான் காதர் என்றேன், பாசிர் கூடாங்கில் ஹனிபா அத்தா கடையில் தேத்தண்ணி போட்டவன் என்றேன்.

கை நின்றது. என்னையே பார்த்தாள்.

"அப்ப நீங்க நெசமாவே இருக்கீங்க" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. உட்காரச் சொன்னாள். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுப் படுத்திருந்தபோது முத்தையா வந்து, நான் நிறுத்தத்தான் கையைத் தூக்கினேன், பக்கத்தில் நின்ற காதருக்குத் தெரியும் என்றானாம். அந்தக் காதரைக் கூட்டி வாருங்கள் என்று இவள் சொன்னாளாம். அவன் கடைக்குப் போனான். திரும்பி வந்து, காதர் இந்தியாவுக்குப் போய்விட்டான் என்றான்.

"இல்லாத ஆளச் சாட்சிக்கு இழுக்கிறாருன்னு நெனச்சேன் அண்ணே. கண்ணு போனதக்கூட தாங்கிக்கிட்டேன். வாய் கூசாம பொய் சொல்றாரேன்னுதான் கல்யாணம் வேணாம்னுட்டேன்."

விமானத்தில் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த பேச்சு ஒன்று இருந்தது. அதில் ஒரு வார்த்தையும் வரவில்லை. அவன் நிறுத்தத்தான் தூக்கினான், முதல் கல் நான் எறிந்தது என்று மட்டும் சொன்னேன்.

"அவர் சொன்னது உங்க காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சும்மா."

"எறியறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. எனக்கு நானே கேட்டுக்கொண்டபோதெல்லாம் கல் கையை விட்டுப் போன பிறகு என்றுதான் பதில் சொல்லி வந்திருக்கிறேன்.

"முன்னாடி" என்றேன்.

மடியிலிருந்த நெத்திலியைக் கீழே இறக்கி வைத்தாள். பிறகு, என்ன சொன்னார், அவர் சொன்ன மாதிரியே சொல்லுங்கள் என்றாள். சொன்னேன்.

"எறியாதடா காதரு. லெட்சுமி வர்ற பஸ்ஸுடா."

எழுந்து உள்ளே போனாள். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. திரும்பி வந்தபோது முகமெல்லாம் ஈரம். கையில் எனக்கு ஒரு கோப்பைத் தேத்தண்ணி.

கண் போனதும் மைக்ராஸ்கோப் வேலை போனது, எஸ்டேட்டுக்குத் திரும்பி உதிர்ந்த செம்பனைப் பழம் பொறுக்கியது, பிறகு லோரி ஓட்டுகிறவரைக் கட்டியது, இரண்டு பிள்ளைகளும் சிங்கப்பூரில் வேலைக்குப் போய் வருவது, எல்லாம் சொன்னாள். புகாராகச் சொல்லவில்லை. வீட்டுக்காரர் தங்கமான மனுஷன், எனக்கு ஒரு குறையும் இல்லை என்றாள். முத்தையாவும் பிறகு கல்யாணம் செய்து பிள்ளை குட்டியோடுதான் இருந்தான். ஆனால் சாகிறவரை படிப் பக்கம் போகவில்லை. கூட்டாளிகள்தான் அவனைத் தேடிப் போய்த் துண்டு, துண்டு என்று கூப்பிட்டிருக்கிறார்கள்.

அவன் இறந்த செய்தி கேட்டு, வீட்டுக்காரரோடு பாசிர் கூடாங் வரை போனாளாம். "வாசல் வரைக்கும் போனேன். பெட்டி மேல அதே துண்டு. செத்த பிறகும் அதப் பெருமையா போட்டிருக்காங்களேன்னு வயிறு எரிஞ்சுது. மொகத்தப் பாக்காம திரும்பிட்டேன்." மறுபடி ஒரு நெத்திலியை எடுத்துக் கிள்ளினாள். "பாத்திருக்கலாம்."

ஒரு கடுதாசியாவது போட்டிருக்கலாமே என்று கேட்டாள். எனக்கு எழுத்து அவ்வளவாக வராதும்மா, நாலாம் வகுப்புதான் என்றேன். இந்த நாலாம் வகுப்பை நான் எங்கே போனாலும் மெடல் மாதிரிக் குத்திக்கொண்டு போகிறவன்.

"மூணு கடை வெக்கத் தெரிஞ்சிருக்கே" என்றாள்.

மன்னித்துவிடு தங்கச்சி என்று கேட்டேன். கையெடுத்துக் கும்பிட்டேன். வாழ்க்கையில் நான் கும்பிட்ட மனுஷர்கள் குறைவு.

"எங்கிட்ட கேக்காதீங்க. நான் எப்படியோ பொழச்சுக்கிட்டேன். துண்டு துண்டுன்னு கூப்பிட்ட அந்தப் பசங்ககிட்ட போயி சொல்லுங்க. அவரு பேரு அங்கதான் கெடக்கு."

அந்தப் பசங்களில் சின்னவனுக்கே அறுபது வயது. நான் அதைச் சொல்லவில்லை. அல்வா டப்பாவை மேசையில் வைத்தேன், அவள் திறந்து பார்க்கவில்லை. அவள் வீட்டுக்காரர் வந்ததும், முத்தையாவுக்குக் கூட்டாளி, இந்தியாவிலிருந்து வந்திருக்கிறார் என்று மட்டும் சொன்னாள். அவர் என்னை பஸ் ஏற்றிவிடக் கூட வந்து, வழியெல்லாம் திருச்சியில் மழை எப்படி என்று விசாரித்தார்.

நாலாம் நாள் சாயங்காலம் எனக்கு வழியனுப்பு. ஹனிபா ஆட்டுக்கறி, வெங்காய சம்பல் என்று மேசையை நிரப்பிவிட்டான். முதல் நாளைவிடக் கூட்டம் அதிகம். என்னை நடுவில் உட்கார வைத்தார்கள். சாப்பிடாமலே ஓடிப் போய்விடலாமா என்று நினைத்தது உண்மை. மறுநாள் விமானம் ஏறிவிட்டால் யார் கேட்கப் போகிறார்கள்? ஏற்கெனவே ஒரு தடவை அப்படித்தான் ஏறிப் போனேன்.

சாமுவேல், எங்க ஜெனரல் இருந்திருந்தா இன்னைக்கு என்று ஆரம்பித்தார். நான் கையை நீட்டி நிறுத்தினேன்.

சொன்னேன். நேற்று லெட்சுமியைப் பார்த்தேன் என்று ஆரம்பித்து, பெர்மிட் பொய் வரை எல்லாம் சொன்னேன். நடுவில் ஹனிபா, "டேய், விடுடா, எப்பவோ நடந்ததுக்கு இப்ப என்ன" என்றான். விடவில்லை. முத்தையா துண்டைத் தூக்கியது நிறுத்துவதற்கு என்றேன். அவன் வார்த்தையை அவன் சொன்னபடியே சொன்னேன். இனிமேல் அவனை யாரும் துண்டு என்று சொல்லக் கூடாது என்றும் சொன்னேன். அதைச் சொல்ல எனக்கு என்ன உரிமை என்று யாராவது கேட்டிருக்கலாம். யாரும் கேட்கவில்லை.

ஹனிபா போனை எடுத்தான். அந்தப் பெட்டிப் படத்தைத்தான் பார்க்கிறான் என்று தெரிந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தான். ஒருவர் கை கழுவ எழுந்து போனார்; திரும்பி வரவில்லை. உள்ளே டிவியில் ஏதோ ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது.

சாமுவேல் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு பயம். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தத் துண்டு என்னை மட்டும் காப்பாற்றி வரவில்லை. அவரும் அன்றைக்கு எறிந்தவர். அரசாங்க வேலைக்காரர், சட்டையை உள்ளே விட்டவர், ஒரு பெண்கள் பஸ்ஸின் மீது ஏன் கல் எறிந்தார் என்பதற்கு அவரிடம் இருந்த ஒரே காரணம் முத்தையா தூக்கிய துண்டுதான். சிரிக்கச் சிரிக்கச் சொன்னால் அந்தக் காரணம் தேய்ந்துபோகாமல் இருக்கும் என்று இத்தனை வருஷமாகச் சொல்லி வந்திருக்கிறார்.

"நான் பின்னால நின்னேன் காதர்" என்றார். "எனக்கு ஒண்ணும் கேக்கல. துண்டு மேல போனதப் பாத்தேன். அதான் எறிஞ்சேன்."

"தெரியும்."

"அவன் சிக்னல் கொடுக்கலன்னா, பிறகு யாருதான் கொடுத்தது?"

"யாரும் கொடுக்கல சாமுவேலு" என்றேன். "எறியணும்னு இருந்தோம். எறிஞ்சோம்."